ரோலிங் மில்லுல வெள்ளித் தகட்டுக்கு டெக்ஸ்சர் ஏத்துறது: சுடுறதுல ஆரம்பிச்சு கருப்பு போடுற வரைக்கும் முழு வழிகாட்டி

வெள்ளித் தகட்டுல டிசைன் கொண்டு வர சுத்தியல் இருக்கு, பஞ்ச் இருக்கு, ஆசிட்ல அரிக்க விடுறது இருக்கு, ஆனா ஒரு இலையோட நரம்பையோ லேஸ் துணியோட ஒவ்வொரு நூலையோ அப்படியே தகட்டுல இறக்கணும்னா ரோலிங் மில்லை விட்டா வேற நல்ல வழி இல்ல. ரெண்டு இரும்பு ரோலருக்கு நடுவுல தகட்டையும் அது மேல ஏதோ ஒரு பொருளையும் வெச்சு அழுத்தி விடுறோம், அந்தப் பொருளோட தடம் வெள்ளியில விழுந்துடும், அவ்வளவுதான் விஷயம். கைப்பிடியை சுத்துற வேலை பத்து செகண்டு கூட ஆகாது. டெக்ஸ்சர் நல்லா வந்துச்சா இல்லையாங்கிறது அந்தப் பத்து செகண்டுக்கு முன்னாடியே, தகட்டை சுட்ட விதத்துலயும் அடுக்குன விதத்துலயும் முடிவாயிடுது, அதனால இந்த வழிகாட்டியில பாதிக்கு மேல மில்லுக்கு வெளிய நடக்குற வேலை தான்.

எல்லாத்தையும் பொதுவா சொல்லிட்டு போனா குழப்பம் தான் வரும். அதனால ஒரு ஜோடி தொங்கட்டானை எடுத்துக்குவோம், 92.5 வெள்ளி, அரச இலை நரம்பு டிசைன், வலது காதும் இடது காதும் கண்ணாடியில பாத்த மாதிரி எதிரும் புதிருமா வரணும், பத்த வைக்கிற (பொடி உருக்கி ஒட்டுற, அதாவது சால்டர் பண்ற) வேலையே வேண்டாம். முதல் தடவை பண்றவங்களுக்கு இதை விட சுலபமான வேலை கிடையாது.

மில்லு

சொந்தமா வாங்கணும்னு அவசியம் இல்ல. நகைப் பட்டறை இருக்கிற எந்த ஊர்லயும், சேலமோ கோயம்புத்தூரோ சௌகார்பேட்டையோ, கூலி கொடுத்தா தகடு ஓட்டிக் கொடுக்கிற இடம் இருக்கும். ஆனா நீங்க காகிதம், இலை, துணி எல்லாம் உள்ள விடப் போறீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க. ஆசாரிக்கு அந்த ரோலர் தான் சோறு, அதுல ஒரு கீறல் விழுந்தா அதுக்கப்புறம் அவர் ஓட்டுற ஒவ்வொரு தகட்டுலயும் அதே கீறல் விழும். "அண்ணே, மேலயும் கீழயும் பித்தளைத் தகடு வெச்சு தான் விடுவேன், ரோலர்ல எதுவும் நேரா படாது"ன்னு சொல்லிப் பாருங்க, பாதி பேர் சரின்னு சொல்லிடுவாங்க.

சொந்தமா வாங்குறதா இருந்தா ராஜ்கோட்ல செய்யுற மெஷின் நிறைய கிடைக்குது. வெளிநாட்டு பிராண்டுல டர்ஸ்டன், பெப்பே மாதிரி இருக்கு, விலை எங்கயோ போயிடும். எதுவா இருந்தாலும் தட்டை ரோலர் இருக்கணும் (கம்பி போடுற பள்ளம் வெட்டுன ரோலர் மட்டும் இருந்தா இந்த வேலைக்கு ஆகாது), கியர் இருக்கணும், மேசையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கணும். ஆட்டம் காணுற மேசையில வெச்சு சுத்துனா உங்க பலம் எல்லாம் மேசையை ஆட்டுறதுலயே போயிடும்.

ரெண்டு ரோலரும் இணையா இருக்கான்னு பாக்க ஒரு சின்ன சோதனை. பின்னாடி செல்ஃபோன் லைட்டை வெச்சு ரோலரை மெதுவா மூடிட்டே வாங்க, வெளிச்சக் கோடு ஒரே சமயத்துல முழுசா மறையணும். ஒரு ஓரம் முன்னாடியே மறைஞ்சா அந்தப் பக்கம் இறுக்கமா இருக்குன்னு அர்த்தம், தகடு வெளிய வரும்போது ஒரு பக்கமா வளைஞ்சு வாழைப்பழம் கணக்கா வரும், டெக்ஸ்சரும் ஒரு ஓரம் ஆழமா ஒரு ஓரம் மங்கலா விழும். மேல இருக்கிற கியரை கழட்டி ஒரு பல்லு நகர்த்தி சரி பண்ணணும், பழக்கம் இல்லாதவங்க மெஷின் தெரிஞ்சவரைக் கூப்பிட்டுக்கோங்க.

தகடு எவ்வளவு தடிமன்

கேஜ் கணக்கை நம்பாதீங்க, மில்லிமீட்டர்ல கேளுங்க. இங்க கடையில சொல்ற கேஜ் பெரும்பாலும் எஸ்டபிள்யூஜிங்கிற பிரிட்டிஷ் கணக்கு, யூட்யூப்ல அமெரிக்கக்காரங்க சொல்றது பி அண்ட் எஸ்ங்கிற அவங்க ஊர் கணக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல. எஸ்டபிள்யூஜியில 20 கேஜ்னா 0.91 மில்லி, அவங்க கணக்குல அதே 20 கேஜ் 0.81 மில்லி தான். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வெச்சுக்கிட்டா இந்த சண்டையே வராது.

டெக்ஸ்சர் ஏத்தும்போது தகடு மெலியும், அதனால கடைசியில வேணும்கிற தடிமனை விட கொஞ்சம் கூடவே எடுக்கணும். தொங்கட்டானுக்கு முடிவுல 0.7 வந்தா போதும், அதனால 0.8ல ஆரம்பிக்கிறோம். மோதிரத்துக்குன்னா 1.2க்கு குறையாம எடுங்க, இல்லன்னா பள்ளம் விழுந்த இடத்துல மெலிஞ்சு போட்டு போட்டே வளைஞ்சிடும்.

50 மில்லி நீளம், 25 மில்லி அகலம், 0.8 மில்லி தடிமன், இந்த அளவுல ரெண்டு துண்டு வேணும். ஒவ்வொண்ணும் சரியா ஒரு கன சென்டிமீட்டர், 92.5 வெள்ளியோட அடர்த்தி 10.36, அப்போ துண்டுக்கு 10.4 கிராம் கிட்ட, ரெண்டுக்கும் சேத்து 21 கிராம்னு வெச்சுக்கோங்க. வெட்டுன பிறகு மிஞ்சுற தூளும் துண்டும் உங்களோடது, டப்பாவுல போட்டு வைங்க.

பழைய கொலுசை உருக்கி தகடு போட்டுக்கலாம்னு தோணும். தாராளமா போடலாம், ஆனா கொலுசுல கண்ணிக்கு கண்ணி பத்த வெச்ச பொடி (சால்டர்) கலந்திருக்கும், அது வெள்ளியை முறிய வைக்கும், மில்லுல விட்டா ஓரமெல்லாம் வெடிச்சு வரும். டெக்ஸ்சர் வேலைக்கு சுத்தமான தகடு வாங்குறது தான் நிம்மதி.

சுடுறது

இங்க தான் பெரும்பாலானவங்க அவசரப்படுறாங்க. கடையில வாங்குன தகடு மெஷின்ல ஓடி வந்தது, கெட்டியா இருக்கும். அதை அப்படியே வெச்சு அழுத்துனா காகிதம் நசுங்குமே தவிர வெள்ளியில ஒண்ணும் விழாது. முதல்ல சுட்டு மெத்துன்னு ஆக்கணும், அனீலிங்னு சொல்றது இதைத்தான்.

92.5 வெள்ளியில மீதி 7.5 பெரும்பாலும் செம்பு. இது 600ல இருந்து 650 டிகிரிக்குள்ள மெத்துன்னு ஆயிடும், 800 டிகிரியைத் தாண்டுனா உருக ஆரம்பிச்சிடும், அதனால நடுவுல இருக்கிற இடைவெளி ஒண்ணும் பெருசு இல்ல. தெர்மாமீட்டர் யார்கிட்டயும் கிடையாது, கண்ணு தான் கணக்கு. அறையில லைட்டை குறைச்சுக்கோங்க, வெயில்ல உக்காந்து சுட்டா சிவப்பு தெரியாது, தெரியும்போது லேட்டாயிருக்கும். நெருப்பை ஒரே இடத்துல நிறுத்தாம தகடு முழுக்க தடவுற மாதிரி ஓட்டிக்கிட்டே இருங்க, மங்கலா ஒரு செந்நிறம் எட்டிப் பாக்கும், செக்கச்செவேல்னு இல்ல, இருட்டுல மட்டும் தெரியுற மாதிரி ஒரு சிவப்பு. அது தகடு முழுக்க ஒரு சுத்து வந்ததும் நெருப்பை எடுத்துடுங்க. கண்ணை நம்ப முடியலன்னா சுடுறதுக்கு முன்னாடி பர்மனென்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, கோடு மறையுற நேரம் கிட்டத்தட்ட சரியான சூடு.

சிவப்பு அடங்குன உடனே தண்ணியில போட்டுடுங்க. தானா ஆறட்டும்னு விட்டுடாதீங்க, இந்த வெள்ளி மெதுவா ஆறுனா மறுபடி கொஞ்சம் கெட்டியாகும்.

ரொம்ப நேரம் சுட்டா இன்னொரு தொல்லை இருக்கு. உள்ள இருக்கிற செம்பு காத்தோட சேந்து கருத்து தோலுக்கு அடியில போய் உக்காந்துக்கும், பாலிஷ் போடும்போது சாம்பல் நிறத்துல மேகம் மேகமா தெரியும். சமதளமான நகைன்னா தேய்ச்சு எடுத்துடலாம், டெக்ஸ்சர் இருக்கிற தகட்டுல தேய்ச்சா டெக்ஸ்சரே போயிடும். அதனால வராம பாத்துக்கிறது தான் ஒரே வழி. கேரம் போர்டுக்கு போடுற போரிக் பவுடர் இருக்குல்ல, சுத்தமான போரிக் ஆசிட்டா பாத்து வாங்கி ஸ்பிரிட்ல கலக்கி, அதுல தகட்டை முக்கி எடுத்து, ஸ்பிரிட் பாட்டிலை நல்லா மூடி தூரமா நகர்த்தி வெச்சுட்டு அதுக்கப்புறம் பத்த வைங்க. பச்சைக் கலர்ல எரிஞ்சு அடங்கும், தகடு மேல வெள்ளையா ஒரு பூச்சு நிக்கும், அது தான் கவசம்.

அப்புறம் பிக்கிள். வெதுவெதுப்பான தண்ணியில சிட்ரிக் ஆசிட் கரைச்சு அதுல போட்டா மேல இருக்கிற கருப்பு போயி பால் வெள்ளையா வரும், படிகாரம் போட்டும் பண்ணலாம், கொஞ்சம் நேரம் கூட ஆகும். இரும்பு சாமணத்தை உள்ள விடாதீங்க, கரைசல்ல இருக்கிற செம்பு எல்லாம் வெள்ளி மேல ஏறி ரோஸ் கலர் ஆயிடும். செம்பு இல்லன்னா பிளாஸ்டிக் சாமணம். எடுத்து கழுவி, துடைச்சு, முழுசா காய விடுங்க, முழுசான்னா முழுசா. ஒரு சொட்டு ஈரம் ரோலர்ல பட்டாலும் மறுநாள் துரு புள்ளி, அந்தப் புள்ளி காலத்துக்கும் தகட்டுல விழும்.

எதை வெச்சு அழுத்தலாம்

டிசைன் பிளேட்டுன்னு பித்தளையில செஞ்சு விக்கிறாங்க, பணம் இருந்தா வாங்குங்க, ஆனா என்னைக் கேட்டா காகிதத்துக்கு ஈடு எதுவும் இல்ல. வாட்டர்கலர் வரையுற 300 ஜிஎஸ்எம் பேப்பர் ஒரு ஷீட் வாங்கி கட்டரால பூவோ கோலமோ வெட்டி வெச்சு விட்டுப் பாருங்க. காகிதம் இருக்கிற இடம் பள்ளமா இறங்கி லேசா சொரசொரன்னு இருக்கும், வெட்டி எடுத்த ஓட்டை வழியா வெள்ளி மேல எழும்பி வழுவழுன்னு நிக்கும். ரோலருக்கு எந்த ஆபத்தும் இல்ல, செலவும் கிடையாது.

எழுத்து வெட்டுறவங்களுக்கு ஒண்ணு. காகிதத்துல எழுத்தை வெட்டி வெள்ளி மேல வெச்சுப் பாக்கும்போது எப்படித் தெரியுதோ அப்படியே தான் தகட்டுலயும் வரும், திருப்பி வெட்ட வேண்டாம். ஆனா பித்தளை பிளேட்டுல செதுக்குன எழுத்துன்னா அதைக் கவுத்து வெச்சு தான் அழுத்துவோம், அப்போ இடம் வலம் மாறிடும், அதுக்கு மட்டும் திருப்பி செதுக்கணும். ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு பேர் மாத்தி விழுந்த பென்டன்ட் ஊருக்குள்ள நிறைய இருக்கு.

துணியில பருத்தி லேஸ், சாக்கு, கொசுவலை மாதிரி வலைத்துணி எல்லாம் அருமையா வரும். நைலான், பாலியஸ்டர்னா அழுத்துன பிறகு ஒட்டியிருக்கிற நூலை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு தான் அடுத்து சுடணும், இல்லன்னா உருகி நாறும், அந்தப் புகையும் நல்லதில்ல. சாண்ட்பேப்பர் போட்டா சர்க்கரை தூவுன மாதிரி மினுமினுப்பு கிடைக்கும், 80 நம்பர் நல்ல பளபளப்பு, 220 போட்டா பட்டு மாதிரி மங்கல். ஆனா அது ரோலருக்கு எமன், பித்தளைக்கு நடுவுல தான் போகணும், போயிட்டு வந்த பிறகு தகட்டை பிரஷ் போட்டு கழுவி ஒட்டியிருக்கிற மணலை எடுக்காம மறுபடி மில் பக்கமே போகக்கூடாது. பித்தளைக் கம்பியை சுருட்டி வெச்சா ஆழமான கோடு விழும். இரும்புக் கம்பி, ஊசி, ஸ்டீல் வலை, உடைஞ்ச பிளேடு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இலைக்கு வருவோம். பச்சை இலை வெச்சா சாறு பிழிஞ்சு எல்லாப் பக்கமும் ஓடும், காஞ்ச இலை நொறுங்கி மாவாயிடும். நமக்கு வேண்டியது சதை போன நரம்பு மட்டும். அரச இலை இதுக்குன்னே பிறந்தது, நரம்பு கெட்டி, வலை மாதிரி நெருக்கம். மூணு நாலு வாரம் தண்ணியில ஊற விட்டா சதை அழுகி கழண்டுடும் (நாத்தம் வீட்டுக்குள்ள தாங்காது, மொட்டை மாடியில வைங்க), பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தட்டித் தட்டி கழுவி, ரெண்டு பேப்பருக்கு நடுவுல வெச்சு கனமான புத்தகத்துக்கு அடியில காய வைக்கணும். அவசரம்னா வாஷிங் சோடா போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டும் எடுக்கலாம்.

அடுக்குறதும் ஓட்டுறதும்

அரை மில்லி பித்தளைத் தகடு ஒண்ணு எடுத்து நடுவுல மடிச்சு நோட்டுப் புத்தக அட்டை மாதிரி ஆக்கிக்கோங்க, வெள்ளியை விட எல்லாப் பக்கமும் அரை இன்ச் பெருசா இருக்கணும், சின்னதா இருந்தா பித்தளையோட ஓரமே கோடா விழுந்துடும். அதுக்குள்ள ஒரு வெள்ளித் துண்டு, அது மேல இலை நரம்பு, அது மேல இன்னொரு வெள்ளித் துண்டு. இலை ரெண்டு வெள்ளிக்கும் நடுவுல இருக்கிறதால மேல் துண்டுல இலையோட முதுகும் கீழ் துண்டுல வயிறுமா விழும், பிரிச்சு ரெண்டையும் பக்கத்துல வெச்சா கண்ணாடி பிம்பம். ஜோடிக்கு ரெண்டு தடவை ஓட்டி ஒரே மாதிரி வருமா வராதான்னு தவிக்க வேண்டிய வேலை இல்ல.

வெள்ளியை விடுறதுக்கு முன்னாடி அதே தடிமன்ல ரெண்டு செம்புத் துண்டை சுட்டு, வேற ஒரு இலையை வெச்சு ஒரு ஒத்திகை ஓட்டிடுங்க. செம்பு விலை கம்மி, அழுத்தத்துக்கு கிட்டத்தட்ட வெள்ளி மாதிரியே நடந்துக்கும். அடுக்கை ரோலர் வாய்ல வெச்சு, லேசா பிடிக்கிற வரைக்கும் மேல் கைப்பிடியை இறுக்குங்க. இப்போ அடுக்கை வெளிய எடுத்துட்டு இன்னும் கால் சுத்து இறுக்குங்க, மெஷினுக்கு மெஷின் இது மாறும். மடிச்ச பக்கம் முன்னால போற மாதிரி விட்டு சுத்துங்க. ஒரு கையால ஈசியா சுத்துச்சுன்னா அழுத்தம் பத்தலை, ஆள் கைப்பிடியில தொங்கணும்னா ரொம்ப அதிகம், ரெண்டு கையையும் போட்டு தம் கட்டி சுத்துற அளவுக்கு எதிர்ப்பு இருந்தா சரி. செம்பு வெளிய வந்ததும் காலிப்பர் வெச்சுப் பாருங்க, 0.8 இருந்தது 0.7 கிட்ட வந்திருந்தா இறுக்கத்தை தொடாம வெள்ளியை விடுங்க.

ஒரே ஓட்டம். இதுல மட்டும் பேரமே கிடையாது. பாதியில நிறுத்துனா அந்த இடத்துல குறுக்க ஒரு கோடு விழும். லேசா தான் விழுந்திருக்கு இன்னொரு தடவை விடலாம்னு நினைச்சா முதல் தடம் நசுங்கி ரெண்டாவது தடம் பக்கத்துல விழுந்து ரெட்டையா தெரியும், ஏன்னா முதல் ஓட்டத்துலயே தகடு நீண்டுடுச்சு, இலை பழைய இடத்துல உக்காராது. சப்பாத்தி மாதிரி நாலா பக்கமும் விரியாது, ஓட்டுற திசையில மட்டும் தான் நீளும். 0.8 தகடு 0.7 ஆனா 50 மில்லி நீளம் 57 ஆயிடும், அகலம் அப்படியே இருக்கும். வட்டமா வெட்டி வெச்சுட்டு ஓட்டுனா முட்டையா வரும், அதனால வடிவம் வெட்டுறது எப்பவும் டெக்ஸ்சருக்கு அப்புறம் தான்.

ஒருத்தர் சுத்த ஒருத்தர் தகடு விடுற பழக்கம் பட்டறையில உண்டு. அப்படி பண்றதா இருந்தா விடுறவர் வார்த்தை தான் செல்லும், அவர் நிறுத்துன்னா அந்த நொடியே நிக்கணும். துப்பட்டா, தொளதொள கை, அவிழ்ந்த முடி, மோதிரம் எதுவும் ரோலர் பக்கம் போகக்கூடாது.

வெளிய வந்த பிறகு

அடுக்கைப் பிரிங்க. இலை ஒட்டிக்கிட்டு இருக்கும், கழண்டு வராது, சுரண்டாதீங்க, அடுத்த சூட்டுல சாம்பலாயிடும். தகடு லேசா வளைஞ்சிருக்கும், மறுபடி கெட்டியும் ஆகியிருக்கும். இன்னொரு தடவை சுட்டு பிக்கிள்ல போட்டு எடுத்து, கீழ ஒரு தோல் துண்டு போட்டு அதுல டெக்ஸ்சர் முகத்தை கவுத்து வெச்சு, மரச் சுத்தியலாலயோ நைலான் சுத்தியலாலயோ தட்டி நேராக்குங்க. இரும்பு சுத்தியல் படவே கூடாது.

பித்தளை அட்டையில வெள்ளியோட ஓரத் தடம் விழுந்திருக்கும். அடுத்த வேலைக்கு அதையே போட்டா அந்த ஓரம் புது தகட்டோட முதுகுல விழும், பின்பக்கம் சுத்தமா வேணும்னா புது பித்தளை எடுங்க.

இப்போ காகிதத்துல நடுவுல ஒரு ஓட்டையை தொங்கட்டான் வடிவத்துல வெட்டி, தகட்டு மேல நகர்த்தி நகர்த்தி பாருங்க. நடு நரம்பு எங்க வந்தா அழகு, எந்த ஓரம் காலியா இருக்குன்னு அப்போ தான் தெரியும். ஒரு துண்டுல இடம் முடிவானதும் இன்னொரு துண்டுக்கு அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, அதே நரம்பு அதே இடத்துல வர மாதிரி குறிச்சு, அறுத்து எடுத்து ஓரத்தை அரம் போட்டு, மேல ஒரு ஓட்டை போட்டு, 0.8 கம்பியில வளையமும் கொக்கியும் மாட்டுனா வேலை முடிஞ்சுது. 30க்கு 18 மில்லியில இலை வடிவம்னா ஒவ்வொண்ணும் இரண்டரை கிராம் சொச்சம் வரும், காதுக்கு பாரமே தெரியாது.

தொங்கட்டானா இல்லாம திருகு வெச்ச கம்மலா வேணும்னா பின்பக்கம் பத்த வைக்கணும். பொடியை பின்பக்கம் மட்டும் வைங்க, நெருப்பையும் பின்னாடி இருந்தே காட்டுங்க, முன்னால ஓடுச்சுன்னா டெக்ஸ்சர் பள்ளத்துல நிரம்பி அடைச்சுக்கும், அதை எடுக்க முடியாது. கல்லு பதிக்க கிண்ணம் வைக்கிறதா இருந்தா அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு சமமாக்கிட்டு வைங்க, மேடு பள்ளத்து மேல கிண்ணம் உக்காராது. கேடிஎம் பொடி வேண்டாம், அதுல இருக்கிற காட்மியம் புகை நுரையீரலுக்கு விஷம். காட்மியம் இல்லாத பொடி கிடைக்குது, கேட்டு வாங்குங்க.

பாலிஷும் கருப்பும்

பஃப் மோட்டார் பக்கம் போகாதீங்க, ரெண்டு நிமிஷத்துல நரம்பெல்லாம் மழுங்கிடும். பூந்திக்கொட்டை ஊற வெச்ச தண்ணியும் பித்தளை பிரஷ்ஷும் போதும், டம்ளர்னு சொல்ற, நகையைப் போட்டு உருட்டுற மெஷின் இருக்கிறவங்க ஸ்டீல் ஷாட் (சின்ன ஸ்டீல் குண்டு) போட்டு ஓட்டலாம், அது தேய்க்காது, அழுத்தி மினுக்கும்.

டெக்ஸ்சர் கண்ணுல பட கருப்பு போடணும். லிவர் ஆஃப் சல்ஃபர்னு வெள்ளியைக் கருக்க வைக்கிற கந்தக மருந்து கிடைச்சா வெந்நீர்ல கொஞ்சமா கரைச்சு முக்கி எடுங்க, முதல்ல பொன் நிறம், அப்புறம் ஊதா, அப்புறம் கருப்பு, வேணும்கிற இடத்துல எடுத்து தண்ணியில போட்டுடலாம். கிடைக்கலன்னா அவிச்ச முட்டை, சூடா இருக்கும்போதே உடைச்சு மூடி போட்ட டப்பாவுல நகையோட வைங்க, முட்டையில இருந்து வர கந்தக வாயு அந்த வேலையை மெதுவா பண்ணிடும். முட்டை நகை மேல படாம ஒரு சின்ன தட்டுல வைங்க. நெருப்பு வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு தான் இது, சூடு பட்டா கருப்பு போயிடும். கடைசியா நல்ல நைஸ் சாண்ட்பேப்பரை ஒரு தட்டையான கட்டையில சுத்தி மேடான இடத்தை மட்டும் லேசா தடவுங்க, விரல்ல வெச்சு தேய்ச்சா பள்ளத்துக்குள்ளயும் இறங்கிடும். இலையோட நரம்பு அழுத்துன இடம் தான் பள்ளம், அதனால கருப்புக் கோடா நரம்பும் வெள்ளையா மீதியும் நிக்கும்.

டெக்ஸ்சர் மங்கலா வந்தா பெரும்பாலும் தகடு சரியா சுடலை, இல்ல இறுக்கம் பத்தலை. ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா வந்தா சூடு அதிகமாகி வெள்ளியோட உள் அமைப்பே பெருத்துப் போச்சு, அந்தத் துண்டை உருக்கத்தான் போடணும். ஓரம் வெடிச்சா வெடிப்பு எங்க முடியுதோ அதுக்கும் கொஞ்சம் உள்ள வரைக்கும் அறுத்து எடுத்துட்டு தான் மேற்கொண்டு எதுவும்.

வேலை முடிஞ்சதும் ரோலரை துணியால துடைச்சு, மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு மெல்லிசா தடவி, ரெண்டு ரோலரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கொஞ்சம் தளர்த்தி மூடி வைங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடக்காத்து அடிக்கிற ஊர்ல இதை ஒரு நாள் கூட தள்ளிப் போட முடியாது. அடுத்த தடவை ஆரம்பிக்கிறப்போ அந்த எண்ணெயை முழுசா துடைச்சு எடுத்துட்டு தான் பித்தளையை விடணும்.